நோன்பு வேறு, பட்டினி வேறு



எங்கள் பங்கிலுள்ள பெண்கள் வட்டம் வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் கூடுவது வழக்கம். சிலுவைப்பாதை தொடங்குவதற்கு முன், கோயில் முற்றத்து வேம்பின் கீழ் பாய் விரித்து இருந்து பேசுவோம். ஒரு தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று ஒரு தங்கச்சி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அவள் மூன்று பிள்ளைகளின் தாய். கணவனைப் போரில் இழந்தவள். கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போய் வருபவள்.

"ரீச்சர், நாங்கள் அந்தக் கடைசி மாதங்களிலே கிடந்த பட்டினி போதாதோ? ஆண்டவர் இன்னும் எங்களை ஒருசந்தி இருக்கச் சொல்லுறாரோ?"

நான் மறைக்கல்வி படிப்பித்தவள். எனவே புத்தகத்தில் உள்ளதை ஒப்புவித்தேன். எந்த நாளில் ஒருசந்தி, எந்த வயதில் தொடங்குவது, எது சுத்தபோசனம் என்றெல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். பிறகு ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் என்னிடம் சட்டம் கேட்கவில்லை. தன் வயிறு பட்ட பாட்டுக்கு ஒரு கணக்குக் கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

இந்த இதழை வாசிக்கும் சைவ, முஸ்லிம் சகோதரிகளுக்கும் விளங்கும்படி முதலில் தவக்காலம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

நாற்பது நாட்கள்

இயேசு தம் பணியைத் தொடங்குவதற்கு முன் பாலைநிலத்தில் நாற்பது நாட்கள் உண்ணாமல் இருந்ததை நினைத்துக் கிறிஸ்தவர்கள் காக்கும் காலமே தவக்காலம். எங்கள் அம்மம்மாமார் இதனைத் 'தபசு காலம்' என்பார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை சகோதரிகள் 'லெந்து நாட்கள்' என்பார்கள். கத்தோலிக்கருக்கு இது விபூதிப் புதனன்று தொடங்கும். அந்தப் புதன் ஆண்டுதோறும் மாறும். பெப்ரவரி 4 க்கும் மார்ச் 10 க்கும் இடையே ஏதாவது ஒரு நாளில் வரும். அன்றிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரைக்கும் எண்ணினால் 46 நாட்கள். ஞாயிறுகள் ஆறும் ஆண்டவரின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. மிச்சம் நாற்பது.

முந்திய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைகள் காய்ந்து படத்தின் பின்னால் செருகிக் கிடக்கும். அவற்றைச் சேர்த்து எரித்த சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று சுவாமி எங்கள் நெற்றியில் பூசுவார். மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே போவோம் என்ற நினைவூட்டல் அது. சைவப் பெண் ஒருத்தி ஒருமுறை என்னிடம், "எங்கட திருநீறும் அதைத்தானே அக்கா சொல்லுது" என்றாள். உண்மைதான்.

அன்று முதல் பீடத்தில் பூ வைக்கப்படாது. சுவாமியின் திருவுடை ஊதா நிறமாகும். அல்லேலூயா பாடப்படாது. கலியாண வீடுகளைக்கூட எங்கள் ஊர்களில் இந்த நாட்களில் வைப்பதில்லை. கடைசி இரண்டு வாரங்களில் சில கோயில்களில் சுரூபங்களையும் சிலுவையையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். கண்ணுக்குப் பழகிய முகங்களெல்லாம் மறைந்துவிட, கோயில் வெறிச்சென்று இருக்கும்.

தவக்காலத்துக்கு மூன்று தூண்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். செபம், நோன்பு, தர்மம். இந்த மூன்றில் நோன்பைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் பேசுவோம்.

சட்டம் உண்மையில் என்ன சொல்லுகிறது?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே இரண்டு. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். ஒருசந்தி என்றால் நாள் முழுக்க ஒன்றும் உண்ணாமல் கிடப்பதல்ல. ஒரு நேரம் வயிறாற உண்ணலாம். மற்ற இரண்டு நேரமும் சிறிதளவு எடுக்கலாம். 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கே இந்தக் கடமை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. அது அந்த இரண்டு நாட்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் வரும்.

நோயாளர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கடுமையான உடலுழைப்புச் செய்பவர்கள் ஆகியோரை இந்த ஒருசந்திக் கடமை கட்டாது. இதைப் பல பெண்கள் அறியவில்லை. சலரோகத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டை விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றிக் கோயில் வாங்கிலேயே சாய்ந்துவிடுவார்கள். இது பக்தியல்ல, ஆபத்து. கிளினிக் போகிறவர்கள் நோன்புக்கு முன் அங்குள்ள வைத்தியரிடமோ தாதியிடமோ கேளுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இரத்தச்சோகை உள்ளவள் ஒரு கோப்பை கீரைக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் செபிக்கலாம். ஆண்டவர் கோபிக்கமாட்டார்.

என் தங்கச்சிக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். காலை ஆறு மணிக்கு வெறுந்தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெயிலில் புல்லுப் பிடுங்குகிறவளுக்குத் திருச்சபை ஒருசந்தியைச் சுமத்தவில்லை.

எங்கள் அடுப்புகளின் கதை

2009 ஆம் ஆண்டு விபூதிப் புதன் பெப்ரவரி 25. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. இந்த இரண்டு திகதிகளையும் வன்னியிலிருந்து வந்த சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புதுமாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் பதுங்குகுழிகளில் அந்தத் தவக்காலம் போனது. நெற்றியில் சாம்பல் பூசத் தேவையே இருக்கவில்லை, உடம்பு முழுக்கச் சாம்பலும் மண்ணும்தான் என்று ஒரு தாய் சொன்னதை நான் மறக்கவில்லை. அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்ற சிலர் திரும்பி வரவில்லை.

2010 தவக்காலத்தைப் பலர் மனிக்பாம் கூடாரங்களில் கழித்தார்கள். பிறகு மீள்குடியேற்றம் வந்தது. தறப்பாள் கொட்டிலில் அடுப்பு மூட்டித் திரும்பத் தொடங்கினோம். 2022 ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது அரிசியும் மாவும் எரிவாயுவும் எட்டாத விலைக்குப் போயின. அந்தத் தவக்காலத்தில் எத்தனை தாய்மார் "எனக்குப் பசி இல்லை" என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னார்கள்!

ஆகவே, தங்கச்சியின் கேள்விக்கு நான் இப்போது சொல்லும் மறுமொழி இது. பட்டினி என்பது எங்கள் மேல் ஏற்றப்பட்டது. அதை நாங்கள் தெரிவு செய்யவில்லை. நோன்பு என்பது இருக்கிறதில் ஒரு பங்கை நானாக விரும்பி விடுவது. கையில் ஒன்றுமே இல்லாதவளிடமிருந்து எதையாவது விடச் சொன்னால் அதற்கு நோன்பு என்று பெயர் இல்லை. அன்று நீ கிடந்தது நோன்பல்ல, அதை ஆண்டவர் உன்னிடம் கேட்கவுமில்லை. அதற்குக் காரணமானவர்கள் மனிதர்கள். அதை ஆண்டவரின் கணக்கில் எழுதாதே.

இன்னுமொன்று. பசித்திருந்தவளுக்குத்தான் பசி விளங்கும். அந்த விளக்கம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. நோன்பு இருந்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதை நீ முன்பே கற்றுவிட்டாய். இனி அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே உனக்கான தவக்காலம்.

எங்கள் ஊர்களில்

எங்கள் ஊர்களில் தவக்காலம் பாட்டாலும் அழுகையாலும் ஆனது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், அதாவது 1960கள் வரை, கோயிலில் பூசை இலத்தீனில் நடந்தது. எங்கள் பாட்டிமாருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் பசாமும் வியாகுலப் பிரசங்கமும் தமிழில் இருந்தன. 'பசாம்' என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, பாடுகள் என்று பொருள். வியாகுலப் பிரசங்கத்தை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். கோவாவில் பிறந்து, 1705 இல் இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, 1742 இல் இங்கேயே இறந்தவர்.

அது ஒல்லாந்தர் ஆண்ட காலம். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. அவருக்கு முன், 1687 இல், புனித யோசவ்வாஸ் அடிகள் ஓர் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, சில்லாலையில் ஒளிந்திருந்து பணி செய்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவும் கோயிலும் இல்லாத காலத்தில் விசுவாசம் அணையாமல் கிடந்தது வீடுகளில்தான். வீட்டில் விளக்கேற்றிப் பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மன்னார்த் தீவில் பேசாலையின் 'உடக்குப் பாஸ்' பெயர் பெற்றது. உருவங்களை வைத்து ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் மரபு அது. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் தவக்காலத்தில் பாடுகளின் நாடகங்களை மேடையேற்றி வந்திருக்கிறது. சண்டைக்கும் ஊரடங்குக்கும் இடையிலும் சனம் பாயும் தலையணையும் கொண்டு போய் இருந்து பார்த்ததை வயதானவர்கள் இன்றும் சொல்லுவார்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முன்னாள் இரவு ஓலை கிழித்துச் சிலுவை பின்னுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரிய வியாழனன்று சுவாமி பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். முன்பு ஆண்கள் மட்டுமே அந்த வாங்கில் இருக்கலாம் என்பது விதி. 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த விதியை மாற்றி, பெண்களும் இருக்கலாம் என்றார். எங்கள் பங்கில் முதன்முறை ஒரு விதவைத் தாயின் கால் கழுவப்பட்டபோது அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, "வேண்டாம் சுவாமி, வெடிச்ச கால்" என்றார். சுவாமி விடவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் கால் கழுவிய பெண்களுக்கு, தங்கள் காலை ஒருவர் தொடுவது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது பாருங்கள்.

பெரிய வெள்ளியன்று பூசை இல்லை. மணியும் அடிப்பதில்லை. மரப்பலகையைத் தட்டித்தான் அழைப்பார்கள். சிலுவையை முத்தி செய்ய வரிசை நீளும். அங்கிலிக்கன், மெதடிஸ்த கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை மும்மணி ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். அது முடிய, வீடுகளிலும் கோயில் வளவிலும் கஞ்சி. முஸ்லிம் சகோதரிகளுக்கு நோன்புக் கஞ்சி இருக்கிறது. சைவச் சகோதரிகளுக்குக் கந்தசஷ்டியும் கௌரிக் காப்பும் இருக்கின்றன. 2025 இல் ரமழான் நோன்பு தொடங்கிய சில நாட்களிலேயே, மார்ச் 5 அன்று, விபூதிப் புதனும் வந்தது. மே மாதத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் இருக்கிறது. எங்கள் மண்ணில் துக்கமும் பக்தியும் ஒரே பானையில்தான் கொதிக்கின்றன.

பதின்மூன்றாம் நிலை

இனி நான் எழுத யோசித்த விஷயத்துக்கு வருகிறேன்.

சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகள் உண்டு. பழையவர்கள் ஸ்தலம் என்பார்கள். அதில் பெண்கள் பல இடங்களில் வருகிறார்கள். நான்காம் நிலையில் தாய் மகனைச் சந்திக்கிறாள். ஆறாம் நிலையில் வெரோணிக்கா கூட்டத்தை விலக்கிப் போய் அவர் முகத்தைத் துடைக்கிறாள். எட்டாம் நிலையில் யெருசலேம் பெண்கள் வீதியோரம் நின்று அழுகிறார்கள். சீடர்களில் பெரும்பாலோர் ஓடிப்போன பிறகும் பெண்கள் போகவில்லை. பதின்மூன்றாம் நிலையில் உடலை இறக்கித் தாயின் மடியில் வளர்த்துகிறார்கள்.

எங்கள் பங்கில் ஓர் அக்கா இருக்கிறா. ஒவ்வொரு வெள்ளியும் வருவா. முழந்தாளிட்டு ஒவ்வொரு நிலையையும் செய்வா. பன்னிரண்டாம் நிலை முடிந்ததும் மெல்ல எழும்பி வெளி விறாந்தைக்குப் போய்விடுவா. பதினான்காம் நிலைக்குத் திரும்பி வருவா. நான் பல ஆண்டுகளாக இதைக் கண்டும், முழங்கால் நோவாக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளி நானும் பின்னால் போனேன். விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்றா.

"ஏன் அக்கா இந்த நேரம் வெளியாலே வாறியள்?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "மாதாவுக்கு மடியிலே போட்டு அழக் கிடைச்சுது தங்கச்சி. எனக்கு அதுகூட இல்லையே. அதைப் பார்த்தால் மாதாவிலே எனக்கு எரிச்சல் வருது. அது பாவம்தானே? அதுதான் வெளியாலே வாறனான்."

அவவின் மகன் 2009 மே மாதத்தில் வட்டுவாகல் கடந்து வரும்போது பிரிந்தவன். அன்றிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எத்தனையோ விசாரணைகளில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறா. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது மகனின் படத்தோடு போய் இருந்தவ. அந்த ஆண்டு விபூதிப் புதன் மார்ச் 1. கொட்டகையில் இருந்தபடியே தவக்காலத்தைக் கழித்ததாகச் சொன்னா.

எனக்கு அவவுக்குச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பதின்மூன்றாம் நிலையின் பாட்டுக் கேட்டது. கொஞ்ச நேரத்தின் பின், "அது பாவமில்லை அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கிழமை வட்டத்தில், அவவிடம் கேட்டுக்கொண்டே, இதைப் பேசினோம். அப்போதுதான் தெரிந்தது, அவ ஒருத்தி மட்டுமல்ல. இன்னும் இரண்டு பேர் அந்த நிலையில் கண்ணை மூடிக்கொள்வார்களாம். ஒரு பெண் சொன்னாள்: "பெரிய சனி எண்டு ஒரு நாள் இருக்கெல்லே? ஒண்டும் நடக்காத நாள். கல்லறை மூடிக் கிடக்கும், கோயில் வெறுமையாய்க் கிடக்கும். எங்களுக்கு ஒவ்வொரு நாளும் அந்தச் சனிதான்."

திருச்சபையில் அந்த நாளுக்குச் சடங்குகள் குறைவு. பீடம் வெறுமையாக இருக்கும். இரவு பாஸ்காத் திருவிழிப்பு வரும்வரை காத்திருப்பதே அன்றைய வழிபாடு. இவ்வளவு காலமும் நான் அந்தப் பகலைத் திருநாளுக்குப் பலகாரம் சுடும் நாளாகத்தான் கண்டிருந்தேன். காத்திருப்பதையும் ஒரு வழிபாடாகத் திருச்சபை வைத்திருக்கிறது என்பதை அந்தப் பெண்தான் எனக்குக் காட்டினாள்.

நாங்கள் சுவாமியிடம் போய் ஒன்று கேட்டோம். அதன் பிறகு எங்கள் பங்கில், பன்னிரண்டாம் நிலைக்கும் பதின்மூன்றாம் நிலைக்கும் இடையே, பிள்ளையின் உடலும் கிடைக்காமல், பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்றும் தெரியாமல் இருக்கும் தாய்மாருக்காக எல்லாரும் பேசாமல் எழுந்து நிற்கிறோம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. அந்த அக்கா இப்போதும் வெளியே போகிறா. ஆனால் விறாந்தை வரைக்கும் போவதில்லை. வாசற்படியில் நிற்கிறா. எனக்கு அது போதும்.

உங்கள் கோயிலிலும் இப்படி எழும்பிப் போகும் ஒருத்தி இருப்பா. சைவக் கோயிலில் என்றால் தேர் அன்று வராமல் இருப்பா. பள்ளிவாசல் வீட்டில் என்றால் பெருநாள் உடுப்பு எடுக்காமல் இருப்பா. ஏன் என்று கேட்டு வற்புறுத்த வேண்டாம். ஆறுதல் சொல்ல அவசரப்படவும் வேண்டாம். 'எல்லாம் ஆண்டவரின் சித்தம்' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். உளவளத்துணை தேவைப்பட்டால் அதைப் பிறகு பார்க்கலாம்.

என்ன நோன்பு இருக்கலாம்?

பானையில் விடுவதற்கு ஒன்றும் இல்லாதவர்களும் செய்யக்கூடிய சில நோன்புகளை எங்கள் வட்டத்தில் பேசித் தீர்மானித்தோம். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, பிடியரிசி. சோறு போடும்போதெல்லாம் ஒரு பிடியை வேறு பானையில் போடுவது. எங்கள் அம்மாமார் செய்ததுதான். இயலுமானவர்கள் செய்வது. பெரிய வெள்ளியன்று அதை எல்லாம் ஒன்றாக்கி, அந்தக் கிழமை ஆர் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அங்கே கொடுப்போம். கோயிலில் அறிவித்துப் படம் எடுத்துக் கொடுப்பதில்லை. வாங்குகிறவளுக்கும் மானம் உண்டு. கரித்தாஸ் நிறுவனமும் தவக்காலத்தில் இவ்வாறு சேரும் பணத்தை ஏழைகளுக்கான பணிகளுக்குப் பயன்படுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் கியூடெக், மன்னாரில் வாழ்வுதயம் என்ற பெயர்களில் நீங்கள் அதை அறிந்திருப்பீர்கள்.

இரண்டு, கடன். நுண்கடன் எங்கள் பெண்களை எப்படி இறுக்குகிறது என்று இந்தப் பக்கத்தில் முன்பும் பேசியிருக்கிறோம். எங்களுக்குள்ளேயே கைமாற்றும் சீட்டும் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறோம். தர வேண்டியவள் தர முடியாமல் நிற்கும்போது, இந்த நாற்பது நாட்களுக்காவது அவளை வீதியில் மறித்துக் கேட்காமல் இருப்பது பெரிய நோன்பு. சிலர் வட்டியையே விட்டார்கள்.

மூன்று, நாக்கு. விதவைப் பெண் பொட்டு வைத்தால் ஒரு கதை, சைக்கிளில் போனால் ஒரு கதை, மறுமணம் செய்தால் பத்துக் கதை. இறைச்சியை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணின் பெயரைச் சப்பிக்கொண்டிருந்தால் அது என்ன சுத்தபோசனம்?

நான்கு, ஆண்களுக்கு. தவக்காலத்தில் குடியை விடும் வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. "இந்த நாற்பது நாளும்தான் வீட்டில் நிம்மதி" என்று மனைவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். உயிர்ப்பு ஞாயிறு மத்தியானமே மறுபடி தொடங்கிவிடும், அன்று இரவே அடியும் தொடங்கிவிடும். நாற்பது நாள் விட முடிந்தவருக்கு நாற்பத்தோராம் நாளும் முடியும். அதை அவரிடம் நிதானமான நேரத்தில் சொல்லுங்கள். அடி வாங்குவதைச் சிலுவை சுமப்பதாக நினைத்துக்கொண்டு பொறுத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லுகிறேன். அந்தச் சிலுவையை ஆண்டவர் உங்களுக்குத் தரவில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போகலாம்.

விடியும் வரை

பெரிய சனி இரவு, கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வெளியே புது நெருப்பு மூட்டுவார்கள். அதிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றி, அந்த ஒரு திரியிலிருந்து எல்லாருடைய திரிகளுக்கும் ஒளி பரவும். பக்கத்தில் நிற்பவளின் திரியிலிருந்துதான் என் திரியைக் கொளுத்த வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களிலும் வெடித்தன. நாடெங்கும் 250 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். நாற்பது நாள் நோன்பு முடிந்து புது உடுப்போடு வந்த பிள்ளைகள். உயிர்ப்பு நாளையே சாவு நாளாகச் சுமக்கும் தாய்மார் அங்கே இருக்கிறார்கள். உயிர்ப்பு என்ற சொல்லை எளிதாகச் சொல்லிவிட்டுப் போக அன்றிலிருந்து எனக்கு வாய் வருவதில்லை.

ஆனாலும் முதலாவது உயிர்ப்பு நாளன்று கல்லறைக்குப் போனவர்கள் நம்பிக்கையோடு போகவில்லை. சாமான்களோடு, இறந்தவருக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்யப் போனார்கள். கல்லை ஆர் புரட்டுவார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருட்டோடு நடந்த பெண்கள் அவர்கள். எங்கள் பெண்களும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தங்கச்சி அந்த ஆண்டு பெரிய வெள்ளியன்று வேலைக்குப் போகவில்லை. காலையில் கோயில் வளவுக்கு வந்து, பிடியரிசிக் கஞ்சியைத் தானே கிண்டினாள். "முதல் கோப்பையை நீ குடி" என்று நான் சொன்னேன். குடித்தாள். "உப்புக் காணாது ரீச்சர்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டாள்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே.